பேட்டரிய வீட்டுல வச்சிட்டு வா

வா பேராண்டி, வா. கழுத்துல ஒண்ணு, தோள்ல ஒண்ணு, முதுகுல ஒண்ணு, கையில வேற மூணு கால் கம்பி. "உம்ம பேரன் சினிமாப் படமா பிடிக்கப் போறான்?"னு தெருவுல கேட்டாவ. பறவை பாக்கப் போறான்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். ஒருத்தனும் நம்பல.

சவத்த இறக்கி வச்சிட்டு உக்காரு. நாளைக்கு வெள்ளன கூந்தன்குளம் போகணும். அதுக்கு முந்தி நாலு விசயம் சொல்லிப் போடுதேன். போட்டோ எடுக்காதன்னு நான் சொல்ல மாட்டேன். தாத்தன் சொல்லி எந்தப் பேரன் கேட்டான்? நீ அம்புட்டு தூரம் போயிட்டு ஒரு பறவையக்கூடப் பாக்காமத் திரும்பி வாரதுக்கு என்ன வழின்னு மட்டும் சொல்லித் தாறேன். எதையும் அரைகுறையாச் செய்யக் கூடாது பாரு.

மொத வேலை, அந்த மஞ்சக் கலர் பனியனையே போட்டுக்கோ. சென்ட்டும் அடிச்சுக்கோ. கொளத்துக் கரைக்குப் போனதும் கார்க் கதவ நல்லாச் சாத்து, நாங்குநேரி வரைக்கும் கேக்கணும். இறங்கினதும் நிக்காத, நேரா தண்ணிக்கு நட. பத்தடி எடுத்து வைக்குமுன்ன ஆக்காட்டிக் குருவி எந்திரிச்சுக் கத்தும். அது கத்திருச்சுன்னா நீ வந்த சேதி மொத்தக் கொளத்துக்கும் போயாச்சு. முக்குளிப்பான் தண்ணிக்குள்ள போயிரும். நாணலுக்குள்ள நின்ன கொக்கு இன்னும் உள்ள போயிரும். வெட்டவெளியில நிக்கது எதுவோ அதுதான் உனக்கு. அதைப் படம் எடு, உதட்டைப் பிதுக்கு, "இன்னிக்கு ஒண்ணுமில்ல தாத்தா"ன்னு வந்துரு.

கோட்டிக்காரன் ஒருத்தன் இருந்தா வேற செய்வான். ஆக்காட்டி கத்தின எடத்துலேயே குண்டியக் கீழ வச்சு உக்காந்துருவான். அசைய மாட்டான். அதுவும் செத்த நேரம் தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தும். பெறவு அதுக்கே அலுத்துப் போகும். அது அடங்கினதும் முக்குளிப்பான் ஒண்ணு மேல வந்து தலையச் சிலுப்பும். இன்னொண்ணும் வரும். வெயிலுக்குச் செறகை விரிச்சுக்கிட்டு பாம்புத்தாரா உக்காரும். அதுக்கு எறகு தண்ணியில ஊறிப் போவும், காயப் போடாம முடியாது. நீ வந்ததக் கொளம் மறக்கதுக்கு ஒரு நேரம் வேணும்லே. அந்த நேரத்துலதான் நீங்க எல்லாரும் எடுத்த படத்தப் பெருசாக்கிச் சின்னதாக்கிப் பாத்துக்கிட்டு இருக்கீய.

ஒனக்கு ஒண்ணு சொல்லட்டா? கல்யாண வீட்டுக்கு வாரவங்கள்ல ஒரு சாதி உண்டு. வாசல்ல நின்னு மொய் எழுதுவான், பேரு நோட்டுல ஏறிச்சான்னு எட்டிப் பாப்பான், பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சியப் பாக்காம, பந்தியில உக்காராம பஸ் ஏறிருவான். வந்ததுக்கு அத்தாட்சி இருக்கு. வயிறு மட்டும் காலி. உங்க கூட்டத்த நான் கொளத்துக் கரையில பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மொய்க்காரன் ஞாபகந்தான் வரும்.

கோவிச்சுக்காத. இந்தா, கருப்பட்டிக் காப்பி குடி.

அந்தத் தூக்கணாங்குருவிப் படம் ஒண்ணு நீ அனுப்புனியே, நம்ம தோட்டத்துப் பனையில எடுத்தது. நல்லாத்தான் இருந்துச்சு. குருவி, கூடு, பின்னால நீல வானம். உங்க அம்மா அதுக்கு இருதயம் எல்லாம் போட்டா. அதுல பாதிக் கூட்டுல ஒரு ஆண் குருவி தொங்குச்சே, அது என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு கேட்டேன். "கூடு கட்டுது தாத்தா"ன்ன. கட்டுது சரி, ஏன் பாதியில நிக்குன்னு கேட்டேன். உனக்குத் தெரியல. படத்துல தெரியாதுலே. நீ எடுத்துட்டு எந்திரிச்சுப் போன பெறவு நான் உக்காந்திருந்தேன்.

அந்தப் பய நெல்லுத் தாளுல வாய வச்சு ஓரத்துல ஒரு கடி கடிப்பான். கடிச்ச எடத்தப் பிடிச்சுக்கிட்டு ஒரே இழுப்பு. நீளமா ஒரு நார் வந்துரும். அதைக் கொண்டுபோயி ஓலையில முடிச்சுப் போட்டு, கோத்து, வாங்கி, தொப்பி கவுத்த அளவுக்குக் கட்டுவான். அதோட நிறுத்திக்கிடுவான். மேக்கொண்டு ஒரு நார் வைக்க மாட்டான். ஏன்னா இனிமே பொம்பள வந்து பாக்கணும். அவ வருவா. வந்தான்னா அந்தப் பனையில இருக்க அத்தன ஆம்பளையும் செறகடிச்சுக் கூப்பாடு போடுவான். அவ ஒண்ணுக்குள்ள நுழைஞ்சு, இழுத்துப் பாத்து, "இது ஆவாது"ன்னு போயிருவா. அம்புட்டுதான், பயபுள்ள அம்புட்டு நாள் பாடும் வீண். வேற ஒண்ணு மொதல்ல இருந்து கட்டணும். பிடிச்சுப் போச்சுன்னா அப்பத்தான் முட்டை அறை, கீழ நீளமா வாசல் எல்லாம். ஈர மண்ணக் கொண்டாந்து உள்ள அப்பவும் செய்வான். அது வெளிச்சத்துக்கு மின்மினி ஒட்டத்தான்னு எங்க ஆச்சி சொல்லுவா. நானும் விழுந்த கூட்ட எல்லாம் பிரிச்சுப் பாத்துட்டேன், வெறும் மண்ணுதான் இருக்கு. ஆச்சிகிட்ட சொல்லல, பாவம்.

அதுக்குப் பெறவு நடக்கதக் கேளு. அவ முட்டைய இட்டு அடைகாக்க உக்காந்ததும், இவன் அடுத்த ஓலையில அடுத்த வீட்டுக்கு முடிச்சுப் போட ஆரம்பிச்சிருவான். அடுத்தவளுக்கு! உள்ள இருக்கவ ஒத்தையில அடைகாத்துக்கிட்டுக் கெடப்பா. இம்புட்டுக் கூத்தும் நம்ம பனையில, டிக்கெட் இல்லாம. நீ ஒரு நொடியப் பிடிச்சுக்கிட்டு ஓடிட்ட.

இதை நான் சொன்னா கிழவன் பொலம்புதான்ம்பீய. அமெரிக்காக்காரி சொன்னா நம்புவீயள்லா? நம்ம ஊரு ரிட்டயர்டு வாத்தியார் வாசிச்சுச் சொன்னாரு. லிண்டா ஹெங்கல்னு மனசு சாஸ்திரம் படிச்ச அம்மா. 2014-ல ஒரு கட்டுரை எழுதியிருக்காவ. காலேஜ் புள்ளைகள ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போயி, கொஞ்சம் சாமான வெறுமனே பாக்கச் சொல்லியிருக்காவ, கொஞ்சத்தப் படம் எடுக்கச் சொல்லியிருக்காவ. மறுநாள் கேட்டா, படம் எடுத்த சாமான்தான் கொறைச்சலா ஞாபகம் இருக்கு. கேமராதான் வச்சிருக்கேன்னு மண்டை கைய விரிச்சுப் போட்டுச்சு. ஆனா ஒண்ணு, சாமானோட ஒரு மூலைய மட்டும் கிட்டக்க இழுத்து எடுத்தவனுக்கு ஞாபகம் கெடல. அவன் எதையோ உத்துப் பாத்திருக்கான்ல!

நான் ஒரு கட்சிக்குப் பேசுத ஆளு இல்ல. எதிர்க்கட்சியும் சொல்லுதேன். 2017-ல பராஷ்னு ஒரு அம்மாவும் கூட்டாளிகளும் வேற மாதிரி சோதிச்சாவ. தானா ஆசைப்பட்டுப் படம் எடுக்கவனுக்குக் கண்ணுல பட்டது கொஞ்சம் கூடவே ஞாபகம் இருக்கு. காதுல விழுந்ததுதான் கொறைஞ்சு போச்சு. வாத்தியார் இதை வாசிச்சப்ப நான் கூந்தன்குளத்தத்தான் நெனச்சேன். அந்தக் கொளத்துல பாதி, காதுலதான் இருக்கு.

மஞ்சள்மூக்கு நாரை இருக்குல்லா, உன் செல்போன் மூஞ்சியில வச்சிருக்கியே அதுதான். வளந்த நாரைக்குத் தொண்டையில பாட்டு கெடையாது. கூட்டுக்கு ஜோடி வந்து இறங்கும்போது ரெண்டும் அலகை அடிச்சுக்கிடும், டகடகடகன்னு. அவ்வளவுதான் அதுக்குப் பேச்சு. குஞ்சுகதான் விடியுமுன்னயே இரை கேட்டுக் கத்தித் தீக்கும். அந்த ஊருல கொளத்துல மட்டுமா கூடு? தெருவுக்குள்ள, வீட்டுப் புறவாசல் மரத்துல எல்லாம் கட்டும். கட்டில்ல படுத்திருந்தா தலைக்கு மேல பெரசவ ஆஸ்பத்திரி. பெறவு அந்த நாத்தம் இருக்கே! மீனும் எச்சமும் வெயில்ல காயிற நாத்தம். மூக்கப் பொத்தாத. அந்த எச்சம் கரைஞ்ச தண்ணி பாயுத வயலுக்குத் தனியா உரம் எதுக்குன்னு அங்கன உள்ளவன் சிரிப்பான். சர்க்கார் 1994-ல சரணாலயம்னு போர்டு வச்சுது. 2021-ல உலக ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல வேற ஏறிச்சு. அதுக்கெல்லாம் ரொம்ப முந்தியே, காத்துல கீழ விழுந்த குஞ்ச எடுத்து மீன் குடுத்து வளத்த ஊரு அது. பறவை வந்தா மழை, வராட்டி வறட்சின்னு அவங்களுக்கு ஒரு கணக்கு. அந்த ஊருல ஒரு கிழவிகிட்ட எத்தன போட்டோ வச்சிருக்கன்னு கேட்டுப் பாரு.

உச்சி வெயில்ல போனா இன்னொண்ணு பாக்கலாம். தாய் நாரை கூட்டுமேல செறகை விரிச்சு நிக்கும். கீழ குஞ்சுகளுக்கு நெழலு. சூரியன் நகர நகர அதுவும் பைய நகந்துக்கிடும். இந்த நகத்தலத்தான் நான் உன்னப் பாக்கச் சொல்லுதேன். ஒரு நாரை நகந்து முடிக்க ஒரு மத்தியானம் ஆகும். உனக்கு எங்க நேரம்?

இங்க மட்டும் வெளையாட்டு கெடையாது, காது குடுத்துக் கேளு. அந்த நெழலுப் படத்தக் கிட்டக்க எடுக்கணும்னு எவனாவது மரத்துக்கு அடியில போயி நின்னா, தாய் எந்திரிச்சுப் போயிரும். குஞ்சு வெயில்ல வேகும். முட்டையா இருந்தா காக்காவும் பருந்தும் பாத்துக்கிட்டேதான் இருக்கும். ஆக்காட்டி முட்டை இன்னும் மோசம். பொட்டக்காட்டுல, கல்லோட கல்லாக் கெடக்கும். கண்ண லென்சுல வச்சுக்கிட்டுப் பின்னால நடக்கவன் காலுக்கு அது தெரியாது. மங்கோலியாவுல இருந்தும் திபெத்துப் பக்கத்துல இருந்தும் பட்டைத்தலை வாத்து வருது. இமயமலையத் தாண்டி வருதுலே. முதுகுல கருவி கட்டி விட்டுப் பாத்ததுல 7,000 மீட்டருக்கு மேலயும் பறந்திருக்கு. காத்தே இல்லாத எடத்துல பறந்து வந்து, நம்ம வரப்போரத்துல நாலு புல்லு மேயலாம்னு இறங்குனா, "பறக்க மாதிரி ஒரு ஷாட் வேணும்"னு ஒருத்தன் கையத் தட்டுதான். போன தையில என் கண்ணால பாத்தேன். அவன்கிட்ட நான் கெட்ட வார்த்தை எதுவும் பேசல. "தம்பி, அந்த வரப்புல நல்லா பாத்து நடங்க, நேத்து அங்கன ஒரு சாரை கெடந்துச்சு"ன்னு மட்டும் சொன்னேன். நேத்து இல்ல, என்னைக்குமே நான் அங்கன சாரையப் பாத்ததில்ல. ஆனா அவன் அதுக்குப் பெறவு தரையப் பாத்துத்தான் நடந்தான்.

படம் எடுக்கவன் எல்லாம் பாவின்னு நான் சொல்ல வரல. மா. கிருஷ்ணன்னு ஒருத்தர். நம்ம திருநெல்வேலியில 1912-ல பொறந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதுன அ. மாதவையா மகன். கறுப்பு வெள்ளையில யானையும் மானும் எடுத்தாரு. வாத்தியார் காட்டுன புஸ்தகத்துல நானே பாத்தேன், அந்த யானை என்னத் திருப்பிப் பாத்துச்சு. கேமராவையே அங்கன இங்கன உள்ள சாமானப் பொருத்தித் தானே ஒப்பேத்திக்கிட்டவராம். ஆனா அவர் எழுத்த வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 1950-ல இருந்து 1996-ல கண்ண மூடுற வரைக்கும் இங்கிலீசுப் பேப்பர்ல காடு கரையப் பத்தி எழுதிக்கிட்டே இருந்திருக்காரு. வீட்டு ஓரத்துல தெரியுத அணில், காக்கா, ஓணான் வரைக்கும் ஒண்ணையும் விடல. உத்துப் பாத்து உத்துப் பாத்து, வேற வழியில்லாமப் படம் எடுத்த மனுசன். நீ அந்த அளவுக்கு வா, நானே உனக்குக் கேமராவத் தூக்கிட்டு வாறேன்.

அது வரைக்கும் ஒரு யோசனை. கேமராவ நாளைக்குக் கொண்டு வா, யாரு வேண்டாம்னா? கழுத்துல போட்டுக்கோ, எடுப்பாத்தான் இருக்கு. பேட்டரிய மட்டும் எங்கிட்ட குடுத்துட்டு வா. கை நமநமன்னா கேமராவத் தூக்கி வச்சுப் பாத்துக்கோ. எதுவும் பதியாது. பதியாதுன்னு தெரிஞ்சதும் கண்ணு என்ன பண்ணுதுன்னு சாயங்காலம் எனக்குச் சொல்லு. ரொம்பக் கஷ்டமா இருந்தா மேல பாரு. பனை உழவாரன் பறந்துக்கிட்டு இருக்கும். பனை ஓலையில எச்சிலால எறக ஒட்டிக் கூடு வச்சிருக்க பய. உன் மெசினு அவனப் பிடிச்சதே இல்ல, அவன் பாட்டுக்கு வெட்டி வெட்டித் திரும்பிக்கிட்டே இருப்பான். அவனப் பாத்தா மனசு ஆறிரும்.

ஊருக்குத் திரும்பிப் போனதும், "படம் எங்க?"ன்னு கூட்டாளி கேப்பான். கேக்கட்டும். நீ பாத்தத வாயால சொல்லு. அவன் வாயப் பொளந்தான்னா நீ பாத்திருக்கன்னு அர்த்தம். போன நோண்ட ஆரம்பிச்சான்னா மறுபடி இங்க கெளம்பி வா, விட்டுப்போனதப் பாப்போம். ஆனா நான் காட்டப் போற ஆந்தைப் பொந்து எங்க, ஆக்காட்டி எங்கன முட்டை இட்டிருக்குன்னு மட்டும் மூச்சு விடாத. போன் எடுக்க படத்துக்குள்ளயே எடத்தோட வெலாசமும் போயி உக்காந்துக்கிடுமாமே, வாத்தியார் சொன்னாரு. அந்தப் பொந்து இருக்க எடம் எனக்கும் அந்த ஆந்தைக்கும் தெரிஞ்சாப் போதும். உனக்கு ஏன் காட்டுதேன்னா, நீ பேட்டரி இல்லாம வாரன்னுதான்.

கூட்டாளி வரணும்னா வரட்டும். ஒத்தையா வரச் சொல்லு, பனியன் மஞ்சளா இல்லாமப் பாத்துக்கோ. வரும்போது எனக்கு ஒரு கட்டு வெத்தலையும் கொட்டைப்பாக்கும் வாங்கிட்டு வாங்க. பாக்க மட்டும் கடையில நின்னு பாத்து வாங்கணும். போன தடவ நீ கடையில இருந்து படம் எடுத்து அனுப்பி, "இந்தப் பாக்கா தாத்தா?"ன்னு கேட்ட. படத்துல நல்லாத்தான் தெரிஞ்சுது, நானும் ஆமான்னுட்டேன். வீட்டுக்கு வந்து வெட்டுனா அத்தனையும் சொத்தை. இந்தத் தடவ ஒண்ணக் கடிச்சுப் பாத்துட்டு வாங்குலே.