லேப்டாப்பைக் கொஞ்சம் பிடியுங்கள்

பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் ஜன்னல் திரையை இழுத்துவிடுவது உத்தமம். இல்லாவிட்டால் "ஒரே ஒரு ரவுண்டு, அஞ்சு நிமிஷம்" என்று வந்து நிற்பார். ஹூஸ்டன் புறநகரில் இந்த ரக வண்டிப் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. இவருடையது 1972 செவ்ரோலே சி10 பிக்கப். உள்ளே, காயலான் கடையில் கிடந்த சில்வராடோவிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் வி8. போதாதென்று ஒரு டர்போ. கார்புரேட்டரோடு நிம்மதியாக ஓடிய வண்டிக்கு இப்போது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதை ட்யூன் பண்ண லேப்டாப். அதனால் நான்.

லேப்டாப்பை மடியில் வைத்து எண் படிப்பது என் வேலை. திரை முழுக்கக் கட்டங்கள்: ஒரு பக்கம் எஞ்சின் சுற்று, இன்னொரு பக்கம் காற்றழுத்தம். 100 கிலோபாஸ்கல் வரை இயற்கை கொடுப்பது, அதற்கு மேல் டர்போ ஊதுவது. சாவகாசமாக ஓடும்போது ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. டர்போ ஊதும்போது அது 11.5 பக்கம் இறங்கவேண்டுமாம்.

"எவ்வளவு?" என்று கத்துவார்.

"12.1."

முகம் தொங்கிவிடும். பெட்ரோல் போதவில்லை, 'லீன்' என்பார். ஓரங்கட்டி, ஒரு கட்டத்தில் ஒரு எண்ணைத் திருத்தி, மறுபடி மிதிப்பார்.

"இப்ப?"

"11.6."

அதோடு விட்டாரா? பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்துவிட்டது, இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்பார். பீட்சா கொண்டுவந்த பையன்கூட அந்த லேப்டாப்பைப் பிடித்திருக்கிறான். ஒருவழியாகக் கட்டங்கள் எல்லாம் அடங்கியதும் ஈ85க்கு மாறினார். எத்தனால் கலந்த அதைப் பெட்ரோலைவிடத் தாராளமாகப் பீய்ச்ச வேண்டும். ஆக, முதல் கட்டத்திலிருந்து!

கராஜில் தன் காருக்கு இடம் கேட்பதை அவர் மனைவி நிறுத்திவிட்டார்.

ஆனால் அந்தக் காது இருக்கிறதே! எனக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. அவர் சட்டென்று காலை எடுத்துவிடுவார். அடுத்த அறையில் பிள்ளை இருமினால் தாய் விழிப்பதைப் போல, எஞ்சினுக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் அந்த 'நாக்கிங்' அவருக்கு மட்டும் கேட்கும். பிஸ்டன் பிழைக்கும்.

என் புத்தக அலமாரியை ஏற்றி வரத்தான் அவர் மாட்டேன் என்றுவிட்டார். பாரம் ஏறினால் லேப்டாப்பில் பதிவாகும் எண்கள் கெட்டுப்போகுமாம். பிக்கப் என்று எதற்கய்யா பெயர்? வாடகை வண்டி பிடித்தேன். சுமக்க அவரேதான் வந்தார். வழியெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே, "இந்த எஞ்சின் கொஞ்சம் லீனா ஓடுது" என்றார்.