பானெட்டில் அறைபட்ட பூச்சிகள்: ஓர் ஆய்வுரை

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் ஒரு தும்பியை நிறுத்திக் கேள்வி கேட்கிறான். அந்தப் பாட்டால் நக்கீரருக்கு என்ன நேர்ந்தது என்பதை சினிமா வரை அறிவோம். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்த காரின் பம்பரில் அப்பிப்போன தும்பியிடம் இதுவரை எந்தப் புலவரும் எதுவும் கேட்டதில்லை. இப்பெருங்குறையைக் களையவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வுக்களம், செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, சிறப்பாக மதுராந்தகம் ஏரியை ஒட்டிய பகுதி. ஆய்வுக்காலம், ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மாலை. ஆய்வுப்பொருள், வாகனத்தின் திருமுகம்.

முன்னோர் எவரும் இத்துறையில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. புளோரிடா பல்கலைக்கழகத்து மார்க் ஹோஸ்டெட்லர், கண்ணாடியில் சிதறிய கறையை வைத்தே இது இன்ன பூச்சி என்று சொல்ல ஒரு நூல் எழுதி, அதற்காக 1997-இல் இக் நோபல் பரிசு பெற்றார். 2004-இல் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம், நம்பர் பிளேட்டில் விழும் பூச்சிகளை எண்ணித் தரும்படி கார் வைத்திருப்போரைக் கேட்டுக்கொண்டது. சராசரியாக ஐந்து மைலுக்கு ஒரு பூச்சி என்று கணக்கு வந்தது. மதுராந்தகம் தாண்டி டீக்கடையில் நிற்கும் லாரி டிரைவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், டீ புரையேறும். டென்மார்க்கில் ஆண்டர்ஸ் மொல்லர் அதே சாலைப் பகுதிகளில் 1997 முதல் 2017 வரை ஓட்டி எண்ணியதில், கண்ணாடியில் விழும் பூச்சிகள் 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்திருந்தன. இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆகையால் போலி ஆய்வாளர் இந்த இடத்தை மரியாதையாகக் கடந்துபோகிறார்.

இனி, பூச்சி ஏன் காரைத் தேடி வருகிறது? விளக்கை நிலவென்று எண்ணி ஏமாறுகிறது என்பது பழைய உரை. 2024-இல் வெளிவந்த ஆய்வு அதை மறுக்கிறது. பூச்சிக்கு முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துப் பறப்பது பழக்கம். வெளிச்சம் என்றால் வானம், வானம் என்றால் மேலே. ஹெட்லைட்டைப் பார்த்ததும் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் சாய்ந்து, அங்கேயே சுழல்கிறது. எனவே பூச்சி மோதுவது ஆசையால் அன்று, திசைக் குழப்பத்தால் என்க. சின்னஞ்சிறு பூச்சியைக் காற்றோட்டம் தூக்கிக் கூரைமேல் அனுப்பிவிடும். கொழுத்த ஈசலும் வண்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்ப இயலாமல் பம்பரையும் பானெட் முனையையும் சைடு மிரரையும் அடைகின்றன.

கறையின் நிறம் பற்றி ஒரு சிறு குறிப்பு. பெரும்பாலான பூச்சிகளின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் கிடையாது. ஆகவே மஞ்சளும் பச்சையுமே இயல்பான நிறங்கள். கொசு விழுந்த இடத்தில் சிவப்பு தென்பட்டால், அது சற்றுமுன் யாரிடமிருந்தோ கடன் வாங்கியது.

இனி பெயின்ட். காரின் நிறத்துக்கு மேல் கிளியர்கோட் என்று ஒரு கண்ணுக்குத் தெரியாத பூச்சு உண்டு. அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்துக்கும் குறைவு. பளபளப்பு, மாப்பிள்ளை வீட்டார் மதிப்பு, செகண்ட்ஹேண்ட் விலை எல்லாம் அந்தச் சவ்வின்மேல்தான் நிற்கின்றன. அமெரிக்கத் தென் மாநிலங்களில் லவ்பக் என்றொரு பூச்சி சித்திரையை ஒட்டி ஒருமுறை, ஆவணியை ஒட்டி ஒருமுறை படையெடுக்கும். ஜோடியாகவே பறந்து ஜோடியாகவே முக்தி அடையும். அதன் கூழ் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய நடுநிலையில் இருக்கிறது. ஒரு நாள் அப்படியே விட்டால் அமிலமாகிவிடுகிறது. வெயிலில் வெந்த பானெட்டில் அந்தப் புரதம் இறுகிப் பிடித்து, கழுவிய பின்னும் ஒரு மங்கல் தடத்தை விட்டுச் செல்லும். ஆகவே குற்றவாளி பூச்சி அல்ல, தாமதமே என்பது பெறப்படும்.

தாமதத்தைவிடப் பெரிய குற்றவாளி ஒருவர் உண்டு. காலை ஆறரை மணிக்கு, நேற்றுத் துடைத்த அதே பனியன் துணியைக் காய்ந்தபடியே கையில் எடுத்து, உலர்ந்த பூச்சியை வட்டம் வட்டமாகத் தேய்ப்பவர். பூச்சியின் ஓடு கைட்டின் என்னும் கடினப் பொருளால் ஆனது, கூடவே சாலைப் புழுதியும் சேர்ந்திருக்கிறது. அந்தத் துணி அந்நேரம் உப்புத்தாள். பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் கறுப்புக் காரை நிறுத்திப் பாருங்கள், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலைபோல மெல்லிய கீறல்கள் தெரியும். அவற்றில் ஒன்றுகூடப் பூச்சி போட்டதில்லை.

மாற்று மதங்களும் உள. சபீனா தூளும் கம்பி நாரும் என்பது ஒரு மதம். மண்ணெண்ணெயும் டீசலும் என்பது டிரைவர் மதம். இதில் கறை போவது உண்மை, கூடவே மெழுகும் போகும், ரப்பர் பீடிங்கும் கெடும். பாத்திரம் கழுவும் திரவம் என்பது இல்லத்தரசர் மதம். அது எண்ணெயை வெளுக்கப் பிறந்தது, மெழுகு எண்ணெய் அல்லவென்று அதற்குத் தெரியாது. தின்னர் மதத்தினர் ஹெட்லைட்டைத் தொட்டால், அதன் பாலிகார்பனேட் முகம் புகைமூடிவிடும்.

சித்தாந்தம் இது. காரை நிழலில் நிறுத்தி பானெட்டை ஆறவிடுக. மைக்ரோஃபைபர் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கறையின்மேல் போர்த்திப் பத்து நிமிடம் விடுக. மாவு காய்ந்த பாத்திரத்தை ஊறப்போடாமல் தேய்க்கக் கூடாதென்று அறிந்த அதே வீட்டில்தான் காரை உலரத் தேய்க்கிறார்கள். ஊறிய பின் கார் ஷாம்பு கலந்த நீரால் மேலோட்டமாக எடுத்தால், கால் ஒன்று, இறக்கை ஒன்று என்று கழன்று வரும். வராததை இன்னொரு முறை ஊறவைக்க வேண்டுமே தவிர, நகத்தால் சுரண்டலாகாது. கண்ணாடியில் காய்ந்த பூச்சிமேல் தண்ணீர் அடிக்காமல் வைப்பரைப் போடுவதும் அவ்வகைப் பிழையே. கடைசியில் கிரில்லுக்குள் எட்டிப் பாருங்கள். ஏ.சி. கண்டென்சரின் இடுக்குகளில் ஒரு ஈசல் கிராமமே குடியிருக்கும். மெல்லத் தண்ணீர் விடுக, பிரஷர் பம்பை நெருக்கி அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

முன்காப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெழுகு பூசினால் சில மாதங்களுக்குக் கறை எளிதில் விடும். செராமிக் கோட்டிங் அதைவிட நீடிக்கும், ஆனால் அது கவசம் என்று ஷோரூமில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், பூச்சி அதன்மேலும் ஒட்டும், காய்ந்தால் அதிலும் தடம் விழும். பணம் இருப்பவர் முன்பக்கத்துக்கு மட்டும் பி.பி.எஃப். என்னும் பெயின்ட் பாதுகாப்புப் படலத்தை ஒட்டலாம், அடியை அந்தப் படலம் வாங்கிக்கொள்ளும்.

இதுவரை பேசியது செத்த பூச்சி. உயிரோடிருக்கும் பூச்சியும் பெயின்டைக் கெடுக்கும் என்பதே இவ்வாய்வின் சிறப்புப் பங்களிப்பு. மழைக்காலத்தில் நிறுத்திவைத்த காரின் பானெட்டில் தட்டான் வாலை விட்டு விட்டுத் தட்டுவதை யாவரும் கண்டிருப்பர். விளையாட்டல்ல, பிரசவம். தண்ணீர்ப் பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி முனைவுற்றிருக்கும், அதாவது ஒரே தளத்தில் அதிரும், அதைக் கொண்டே அது குளத்தை அடையாளம் காண்கிறது. சிவப்பு, கறுப்புக் கார்கள் இதே ஒளியைத் தருவதால் நீர்ப்பூச்சிகளை அதிகம் ஈர்க்கின்றன என்று ஹங்கேரி ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினர். வெள்ளைக் காரில் அழுக்கு தெரியும், ஆனால் அது ஏரி என்று பூச்சி எளிதில் ஏமாறுவதில்லை. முட்டை விழுந்த பிறகு என்ன ஆகும் என்று பிரேசிலில் சோதித்து 2000-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெயிலில் பானெட் கொதிக்கையில் முட்டையிலுள்ள கந்தகப் பொருள் அமிலமாகி, கந்தக அமிலம் செய்யும் வேலையைக் கிளியர்கோட்டில் செய்கிறது. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகும் வகைத் தட்டான், தாம்பரத்தில் ஒரு கறுப்புக் காரைக் குளமென்று நம்பி வம்சத்தை இறக்கிவைக்கிறது. காருக்கு உறை போட்டால் இருவருக்குமே நட்டமில்லை.

தடை: வேகத்தைக் குறைத்தால் என்ன? விடை: குறைத்தால் பூச்சியும் குறையும், பின்னால் வரும் ஆம்னி பஸ்ஸின் ஹாரன் அதிகரிக்கும்.

தடை: ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பாட்டுப் பாடியபடி போகும் பைக்காரரின் நிலை? விடை: அவர்களிடம் பூச்சி பெயின்டில் தங்குவதில்லை, வாய்வழியாக உட்கொள்ளப்படுகிறது. அது உணவியல் துறைக்கு உட்பட்டதாகலின் இவ்வாய்வு அதில் தலையிடவில்லை.