மசால் வடைக்கு அப்பால்: ஹாம்ஸ்டரோடு இணங்கும் முறை குறித்து ஓர் ஆய்வேடு

தமிழருக்கும் எலிக்குமான உறவை இதுநாள்வரை ஆண்டுவந்த கோட்பாடு ஒன்றுதான்: மசால் வடைக் கோட்பாடு. பொறியின் கொக்கியில் அரை வடையைக் குத்தி அடுப்படி மூலையில் வைத்துவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். உறவு அங்கேயே தொடங்கி அங்கேயே முடியும். தேங்காய்ச் சில்லுக்கு மசியாத எலி மசால் வடைக்கு மசிந்தது என்பதுபோல வழிவழியாக வரும் செய்திகளெல்லாம் வடையின் மாண்பைப் பேசுவனவே. எலி என்ன நினைத்தது என்பதுபற்றி முன்னோர் ஒருவரும் மூச்சு விடவில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வேடு.

களம்: அம்பத்தூரில் ஒரு மூன்றாம் மாடி வீடு. காலம்: 47 இரவுகள். ஆய்வுப் பொருள்: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'பிஸ்கட்' எனப் பெயரிட்ட பொன்னிறச் சிரியா ஹாம்ஸ்டர், ஆண், ஒன்று. நிதி நல்கை: என் சம்பளம், மனைவிக்குத் தெரிந்தது அதில் பாதி. மறுப்புரை: கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார்.

மறுப்புரை முதல் நாளே தொடங்கிவிட்டது. "எலிக்கு எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு பெரிய பேரு?" என்றார். ஹாம்ஸ்டர் ஜெர்மன் மொழிச் சொல், அதிலிருந்து வரும் வினைக்கு அங்கே பதுக்கி வைத்தல் என்று பொருள் என்றேன். அவர் முகம் தெளிந்தது. மன்னார்குடிப் பக்கத்துக்காரர். அறுவடை முடிந்த வயலில் வரப்போர எலி வளையை வெட்டினால் உள்ளே நெற்கதிர் கட்டுக்கட்டாக இருக்கும், சின்ன வயதில் ஒரே வளையில் ஒரு மரக்கால் நெல் எடுத்ததுண்டு என்றார். "நம்ம எலியும் பதுக்கல்தான். ஆனா அதை யாரும் காசு குடுத்து வாங்கல."

இப்படிச் சொன்னதன்மூலம் மாமனார் தம்மை அறியாமலே பெரிய ஆய்வு மரபொன்றில் சேர்ந்துகொண்டார். 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு கோதுமை வயலை ஆள்வைத்து வெட்டியவர் இஸ்ரேல் அகரோனி என்ற விலங்கியலாளர். ஏறக்குறைய எட்டடி ஆழத்தில் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் அகப்பட்டன. பெட்டியில் விட்டதும், கலவரப்பட்ட தாய் தன் குட்டியொன்றையே கடித்துக் கொன்றது. தாயை அப்புறப்படுத்தி, மிச்சக் குட்டிகளை அகரோனியும் மனைவியும் வளர்த்தார்கள். அவற்றிலும் சில மரப் பெட்டியைக் கொறித்துக்கொண்டு ஓடிவிட்டன. எஞ்சிய ஒருசில உடன்பிறப்புகளின் வழி வந்தவைதாம் இன்று உலகமெங்கும் வீடுகளில் சக்கரம் சுற்றும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஆகப் பெரும்பாலானவை. கர்ப்ப காலம் பதினாறே நாள் என்பதால் வம்சம் தழைக்க அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதன் சொந்த மண்ணில் மட்டும் இப்போது இது அருகிவரும் இனம்.

அகரோனி எதற்காக வெட்டினார்? ஜெருசலேமில் காலா அசார் நோயை ஆராய்ந்த சவுல் ஆட்லருக்கு ஹாம்ஸ்டர் தேவைப்பட்டது. அவரிடமிருந்த சீன வகை கூண்டில் பெருக மறுத்தது. அந்த நோயின் கிருமியை 1903-இல் கண்டுசொன்ன இருவரில் ஒருவர் இங்கிலாந்தில் இருந்த லீஷ்மன். மற்றவர் சார்லஸ் டொனோவன். அவர் அதைக் கண்டது நம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பொது மருத்துவமனையில். ஆகவே பிஸ்கட்டின் ஊர் அலெப்போ என்றாலும், அதன் தலையெழுத்தில் ஒரு வரி சென்னையில் எழுதப்பட்டது என்க. இதை மனைவியிடம் விளக்கியபோது, "அப்ப கூண்டையும் அந்த ஆஸ்பத்திரியிலயே கொண்டுபோய் வைங்க" என்றாள்.

கூண்டில் முதலில் இருந்தவை இரண்டு. கடைக்காரர் ஜோடியாகத்தான் கொடுத்தார். தனியாக விட்டால் ஏங்கிப்போகும் என்றார். சிரியா ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தன் இனத்தையே அண்ட விடாது என்பதை அன்றிரவு இரண்டு மணிக்குக் கீச்சொலிகளின் வாயிலாகத் தெரிந்துகொண்டோம். காது கிழிந்த ஒன்றை அரிசி டிரம்முக்கு மாற்றினோம். மறுவாரம் அது இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிபோனது. இவ்வளவு தனிமை விரும்பியோடு மனிதன் இணங்குவது எங்ஙனம் என்பதே ஆய்வின் மையக் கேள்வி.

வடைக் கோட்பாட்டில் நான் செய்த திருத்தம் சிறியது: வடை உண்டு, கதவு இல்லை.

முதல் நான்கு நாள் கையே வைக்கவில்லை. தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மின்கட்டண ரசீதைத் தாழ்ந்த குரலில் வாசித்தேன். பொருள் முக்கியமில்லை, குரல் பழக வேண்டும். ஹாம்ஸ்டருக்குப் பார்வை மந்தம். உலகத்தை மூக்கால்தான் படிக்கிறது. எனவே ஒரு நாள் முழுக்க என் சட்டைப்பையில் கிடந்த காகிதக் கைக்குட்டையைக் கூண்டில் போட்டேன். அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் படுக்கை போட்டுக்கொண்டது. மாமனார் இதை அவமதிப்பு என்றார். நான் அங்கீகாரம் என்று குறித்துக்கொண்டேன்.

நேரம் இரவு பத்துக்கு மேல். பகலில் எழுப்பினால் தூக்கக் கலக்கத்தில் கடிக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. துருக்கியில் வயலில் வாழும் இதே இனத்தை ஆராய்ந்தவர்கள், அது பகலில்தான் வெளியே திரிகிறது என்று கண்டார்கள். கூண்டுக்கு வந்ததும்தான் இரவுப் பணி; பெங்களூருக்கு வேலைக்குப் போன என் தம்பியும் இப்படித்தான் மாறினான்.

ஐந்தாம் இரவு உள்ளங்கையை மல்லாத்தித் தரையோடு தரையாக வைத்தேன். மேலிருந்து இறங்கும் கை அதற்குக் கை அன்று, பருந்து. விரல் நுனியில் ஒரு சூரியகாந்தி விதை. ஏழாம் இரவு விதையை விட்டுவிட்டு விரலைக் கடித்தது. குற்றம் என்னுடையது: சற்று முன்புதான் நெத்திலிக் கருவாட்டோடு பழையது சாப்பிட்டிருந்தேன். நெத்திலி வாசனை அடிப்பது நெத்திலியாகத்தானே இருக்க வேண்டும்? ஆய்வுப் பொருளின் தருக்கத்தில் பிழையில்லை. அதன்பின் வாசனையில்லாத சோப்பில் கைகழுவிவிட்டே உட்கார்ந்தேன்.

பதினைந்தாம் இரவு வாக்கில் விதை விரல் நுனியிலிருந்து உள்ளங்கைக்கு நகர்ந்தது. பிஸ்கட்டும் பின்னாலேயே நகர்ந்தது. முன்னங்கால் இரண்டும் என் ரேகைமேல். மழைத்துளி அளவுக்குக் குளிர்ச்சி. ஒரு விதை, இரண்டு, ஐந்து, எல்லாம் வாய்க்குள் போயின, எதையும் மெல்லவில்லை. கன்னப்பை தோள்வரை உப்பி, இரு பக்கமும் வெற்றிலை அடக்கிய பெரியவரைப் போல் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் தரையில் சம்மணமிட்டுத்தான். உயரத்தை அளக்கத் தெரியாத பிராணி, கை விளிம்பிலிருந்து அப்படியே நடந்து விழுந்துவிடும்.

பத்தொன்பதாம் இரவு ஆய்வாளர் தவறினார். மென்மையாகத்தான், விரல்களைக் கொஞ்சம் மடக்கினேன். 'டப்' சத்தம்கூட இல்லை. ஆனால் பிஸ்கட் சிலிர்த்துத் துள்ளி மரத்தூளுக்குள் புதைந்தது. பத்து இரவு என் கைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மூடும் கை பொறி, மூடாத கை தரை. அதன் அகராதியில் வேறு பதிவில்லை.

நாற்பதாம் இரவுக்குள் மறுபடி மணிக்கட்டுவரை ஏறத் தொடங்கியது. மகள், "அப்பாவோட வாசனை அதுக்குப் புடிச்சிருச்சு தாத்தா" என்றாள். தாத்தா மசியவில்லை. "விதைக்குத்தான் வருது. முப்பத்தாறு வருஷம் ஆபீஸ்ல பார்த்தவன் சொல்றேன், இதுக்குப் பேரு பாசம் இல்ல, கையூட்டு." மறுக்க முடியாத தடை. விடை வேண்டுமானால் வெறுங்கையை நீட்டிப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

நாற்பத்தொன்று முதல் நாற்பத்தாறு வரை வெறுங்கை. வந்தது, முகர்ந்தது, திரும்பியது. ஆறு இரவும் இதேதான். மாமனார் நாட்குறிப்பில் நாள்தோறும் பெருக்கல் குறி போட்டு வந்தார்.

நாற்பத்தேழாம் இரவு பிஸ்கட் தன் கிடங்கிலிருந்து நேரே வந்தது. கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. வெறுங்கையில் ஏறி, நடுவில் உட்கார்ந்து, முன்னங்கால்களால் கன்னத்தைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளியது. எச்சில் ஈரத்தோடு, வெதுவெதுப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக விதைகள் என் உள்ளங்கையில் விழுந்தன. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். நாட்குறிப்பைத் திறந்து பேனாவைப் பிடித்தவர் வெகுநேரம் எழுதவில்லை.

"வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டான் மாப்பிள்ளை," என்றார். "இதை எந்தக் கணக்குத் தலைப்புல வரவு வைக்கிறது?"