ஓசிப் பொட்டலம்

அரட்டைச் செய்தி என்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒரு கட்டளைச் சொல், சேனல் பெயர், ஒரு முக்காற்புள்ளி, நீங்கள் அடித்த 'வணக்கம்', கடைசியில் வரிமுடிவுக் குறி இரண்டு. 1988-இல் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கிய ஐஆர்சி அவ்வளவுதான். வரிமுடிவையும் சேர்த்து 512 பைட்டைத் தாண்டாதே என்று 1993-இல் ஆர்எஃப்சி 1459 எழுதிவைத்தது.

இந்தச் செய்தியைக் கோத்துத் தரும் லைப்ரரி ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதி, கிட்ஹப்பில் போட்டுவிட்டு மாயமாகிவிடுகிறார். லைசென்ஸ்? போட மறந்துவிட்டார். வெர்ஷன் எண்? 'லேட்டஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.' தமிழில் நீளமாக ஒரு வரி அடித்தால்? யூடிஎஃப்-8-இல் 'நி' ஆறு பைட் பிடிக்கும். 512 வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் எழுத்து நடுவில் அறுந்து, திரையில் கேள்விக்குறி முளைக்கும். முளைக்கட்டுமே, ஆங்கிலம் ஓடுகிறதல்லவா!

இதை டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்புக்குப் பேக்கேஜ் செய்ய ஒரு அப்பாவி வருகிறார். சம்பளம் கிடையாது. 'செய்யப்போகிறேன்' என்று முதலில் ஒரு பக் பதிய வேண்டும். ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த லைசென்ஸ் என்று காப்பிரைட் கோப்பில் எழுத வேண்டும். மாயமான புண்ணியவானுக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். கோ மொழியில் எழுதியதென்றால், அது இழுத்துக்கொண்டு வரும் மற்ற லைப்ரரிகளும் ஒவ்வொன்றாக டெபியனுக்குள் வந்தாக வேண்டும். லின்டியன் என்ற சோதனை நிரல்தான் அங்கே வாத்தியார். ஒருவரி விளக்கத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தாலே குட்டுவார். அதையும் தாண்டினால் புதுவரவு வரிசை. அங்கே பார்ப்பவர்களும் சம்பளம் வாங்காதவர்களே.

இத்தனைக்கும் கிடைக்கும் மாலை மரியாதை: 'டெபியனில் ஏன் பழைய வெர்ஷன்?' பதிப்பை மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைத்துத் தருவதுதான் அங்கே வாக்குறுதி என்பது, தினம் மூன்று முறை அப்டேட் போட்டு மூன்று முறையும் எதையாவது உடைக்கும் கனவான்களுக்கு எங்கே புரியப்போகிறது?

உச்சக் கூத்து கம்பெனிகளுடையது. கோடிகள் புரளும் சர்வர்களுக்கு அடியில் இந்த ஓசி உழைப்புதான் கிடக்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு அகப்பட்டது. அதைத் திறந்துவிடும் வரி கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. பொட்டலம் கட்டும் இடம் பார்த்துத்தான் திருடன் கைவைத்தான். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எஸ்எஸ்எச் வழி சர்வருக்குள் நுழைவது அரை நொடி பிந்துவதைக் கண்டு நோண்டியிராவிட்டால் ஊரே திறந்து கிடந்திருக்கும். எக்ஸ்இசட்டைப் பராமரித்தவர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022-லேயே எழுதியிருந்தார். எவன் காதில் விழுந்தது?

கர்ல் என்ற கருவியைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு 2022 ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது பல நூறு கோடி டாலர் கம்பெனி. லாக்4ஜே ஓட்டையால் உங்கள் மென்பொருளுக்குப் பாதிப்பு உண்டா, 24 மணி நேரத்துக்குள் பதில் சொல் என்று கேள்விப் பட்டியல். கர்ல் எழுதப்பட்டது சி மொழியில். லாக்4ஜே ஜாவாக்காரர்களின் சங்கதி. பந்தியில் ஓசியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, வைக்காத பாயசத்தில் ஏன் முந்திரி இல்லை என்று சமையல்காரர் சட்டையைப் பிடிக்கிற ரகம்.

சப்போர்ட் ஒப்பந்தம் போடுங்கள், உடனே சொல்கிறேன் என்று அவர் எழுதினார். பதிலுக்கு வந்த கடிதம் அவரை 'டேவிட்' என்று விளித்தது. அப்படியானால் நாங்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லை என்கிறீர்களா என்று கேட்டது.

ஆமாம் துரை, இல்லைதான். காலணா கொடுத்திருந்தால் பில்லிலாவது அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.