புள்ளிக் கோலமும் முகப்புப் பக்கமும்: ஒரு மாட வீதி ஆய்வு

அண்ணன் மகள் டிசைன் காலேஜில் இரண்டாம் ஆண்டு. பழைய கலைப்பாணி ஒன்றை ஆராய்ந்து, அதை வைத்து ஒரு வெப்சைட் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். 1925-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியால் பெயர் பெற்ற ஆர்ட் டெகோவா, ஜெர்மனியின் பௌஹாஸா என்று மூன்று நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில் பிறந்த பிள்ளை பாணி தேடிப் பாரிஸுக்கு ஏன் போக வேண்டும்? இந்த ஆய்வுக்கு மூலகாரணம் அந்தக் கேள்விதான்.

நமது கருதுகோள்: வெப் டிசைன் பிறந்தது வாசல் கோலத்தில்.

முதல் சான்று, கிரிட். பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பிரித்து, எது எங்கே என்று முடிவுசெய்யும் வித்தை. சுவிட்சர்லாந்தின் யோசஃப் முல்லர்-ப்ரோக்மன் 1981-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். டிசைன் பிள்ளைகள் அதைப் பாராயணம் செய்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதே சமாசாரத்தை நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

இரண்டாம் சான்றுதான் இவ்வாய்வின் உயிர்நிலை. மயிலாப்பூர் வீட்டு வாசலில் என் அம்மா மார்கழிக்குப் போட்டுவந்தது 'பதினைந்து புள்ளி, எட்டு முடிய, இடைப்புள்ளி'. நடு வரிசையில் 15. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8-ல் முடியும். கூட்டிப் பார்த்தேன், 169 புள்ளி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசும்போது மாவு சொட்டுவதைப் பார்த்தால், அளவுகோல் வைத்து வைத்தது மாதிரி இருக்கும். 2003-ல் அடையாறில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்குக் குடிபோனோம். வாசல் என்று இருந்தது இரண்டடி. அதிலும் பாதியை எதிர்வீட்டுச் செருப்பு ஸ்டாண்ட் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை அம்மா 'ஐந்து புள்ளி, மூன்று முடிய' போட்டிருந்தாள். மொத்தம் 19. அதே அறுகோணம், நடுவில் அதே பூ, ஓர் இதழ்கூடக் குறையவில்லை.

திரையின் அகலத்துக்கேற்ப வெப் பக்கம் தன்னைச் சுருக்கிக்கொள்வதற்கு ஈதன் மார்கோட் என்ற அமெரிக்கர் 'ரெஸ்பான்சிவ் டிசைன்' என்று பெயர் சூட்டியது 2010-ல். அம்மா ஏழு வருஷம் முந்தி. இந்தத் தேதிக் கணக்கை இதுவரை யாரும் மறுக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாம் சான்று கோலத்துக்குச் சற்று வெளியே, நெற்றியில் இருக்கிறது. போன் திரையின் மூலையில் மெனுவுக்காக மூன்று படுக்கைக் கோடு இருக்கிறதே, அதை 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தவர் நார்ம் காக்ஸ் என்று வரலாறு சொல்கிறது. கபாலீசுவரர் கோயில் வாசலில் கால் மணி நேரம் நின்றால் அதே மெனுவை நூறு நெற்றிகளில் பார்க்கலாம். சில செயலிகளில் கோட்டுக்குப் பதில் மூன்று புள்ளி செங்குத்தாக நிற்கும். அது திருவல்லிக்கேணிச் சம்பிரதாயம் என்பது என் துணிபு. வடகலையா தென்கலையா என்ற கேள்விக்குள் நான் நுழையவில்லை. கோயில் யானையின் நாமத்துக்கே கோர்ட்டுப் படி ஏறிய நாடு இது.

ஸ்டிக்கர் கோலத்தை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். அது டெம்ப்ளேட். ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கி ஒட்டியது. ஓரம் கிழியும்வரை ஒரே பதிப்பு. மாக்கோலம் தினம் ஒரு புதுப்பதிப்பு, நேற்றையது துடைப்பத்தோடு போய்விடும். பேக்கப் அம்மாவின் கோல நோட்டில் இருக்கிறது, நடுப்பக்கத்தில் பால் கணக்கோடு.

சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலத்தை வைத்துக் கணினிக்கான இலக்கணமே வகுத்தார். அது போலி ஆய்வு அல்ல, நிஜம். இதைச் சொன்ன பிறகுதான் அண்ணன் மகள் நோட்டைத் திறந்தாள். "சித்தப்பா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" கம்ப்யூட்டர் திரைக்குப் பதினைந்து புள்ளி, போனுக்கு ஐந்து புள்ளி என்று செய்து கொடுத்துவிட்டாள்.

மேலும் ஆராய விரும்புவோர் ஜனவரியில் மயிலாப்பூர் விழா நடக்கும்போது வடக்கு மாட வீதிக்கு வரலாம். தார் ரோட்டில் ஆளுக்கொரு கட்டம் போட்டுக் கொடுத்துக் கோலப் போட்டி நடக்கும். பைக்கை மட்டும் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள்.