‘இனிக்குமா?’: போடிமெட்டுச் சாலைப் பழக்கடைகளில் வழங்கும் ஒரு வினா பற்றிய ஆய்வு

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் நெடுஞ்சாலையில், முந்தல் சோதனைச் சாவடியை ஒட்டிக் கோடைதோறும் முளைக்கும் பழக்கடைகளை அறிஞர் உலகம் இதுவரை பொருட்படுத்தாதது வருந்தத்தக்கது. பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி இதே மாவட்டத்தில் இருந்தும், மாவின் ஒட்டுமுறைக்கும் பூச்சிநோய்க்கும் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூட, வாங்க வருபவர் காரை விட்டு இறங்கியதும் கேட்கும் ‘இனிக்குமா?’ என்னும் வினாவுக்குக் கிடைக்கவில்லை.

‘கடை’ என இங்கே குறிக்கப்படுவது நான்கு கம்புகள், ஒரு தார்ப்பாய், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரே, ஒரு மின்தராசு, நேர்ப்பொருளிலேயே ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டி ஆகியவற்றின் கூட்டமைப்பாகும். தார்ப்பாய் இன்றியும் வியாபாரம் நடப்பதுண்டு என்பதால், இவற்றுள் இன்றியமையாத உறுப்பு மூதாட்டியே. சித்திரையிலிருந்து ஆடி வரை அங்கே காசா, செந்தூரம், இமாம்பசந்து, கல்லாமை ஆகிய மாவினங்கள் சமவெளித் தோப்புகளிலிருந்து வந்து குவிய, ஏலத்தோட்டங்களில் நிழலுக்காக விட்டுவைத்த மரங்களின் பலாப்பழங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்கின்றன.

இனி வினாவுக்கு வருவோம். ‘இனிக்குமா ஆத்தா?’ என்றால் ‘கற்கண்டு சாமி!’ என்பதே விடை. வேறு விடை வந்ததாகச் சான்று இல்லை. விடை முன்கூட்டியே தெரிந்திருந்தும் வினா கைவிடப்படாததற்குக் காரணம், மூதாட்டி விடை சொல்லும் அந்த நொடியில் வாங்குபவரின் கட்டைவிரல் பழத்தின் தோளை அழுத்தி முடித்துவிடுவதும், காம்பருகே மூக்கு சென்று மீண்டுவிடுவதுமே ஆகும். கட்டைவிரலுக்கு அவகாசம் தேடித் தருவதே வினாவின் வேலை எனலாம். விரல் போதாத இடத்தில் ‘கல்லு வச்ச பழமா?’ என்னும் துணைவினா எழுகிறது. கல் என்பது கால்சியம் கார்பைடு. அதைக் கொண்டு பழுக்கவைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடைசெய்துள்ளன என்பதையும், எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்த 2016-இல் இசைவு தரப்பட்டது என்பதையும் கேட்பவரும் அறியார், கேட்கப்படுபவரும் அறியார். எனினும் இருவரும் அரைமணி நேரம் அதுபற்றி உரையாட வல்லவர்கள்.

மாவைப் பொறுத்தவரை இவ்வினா அறிவியலுக்கு இசைந்ததே. முற்றிய மாங்காயைப் பறித்த பின்னும் அது சுவாசித்து, எத்திலீனை வெளியிட்டு, தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால், அதன் இனிப்பு உண்மையிலேயே எதிர்காலத்தில் இருக்கிறது. விற்பவருக்கும் இது பெரும் பாதுகாப்பு: பழம் கனிந்து உண்மை வெளிப்படும் நாளில் வாங்கியவர் மூணாறு விடுதியில் இருப்பார், ஒரு மாம்பழத்துக்காகப் 17 கொண்டை ஊசி வளைவுகளை யாரும் இறங்கி வருவதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையோ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை உடையதாயினும், இத்தகைய எதிர்காலம் அற்றது. கொடியிலிருந்து கொத்தை வெட்டிய கணத்திலேயே திராட்சையில் இனிப்பு ஏறுவது நின்றுவிடுகிறது. பிறகு அது சுருங்குமே ஒழிய மேலும் பழுக்காது. ஆகவே அதன்முன் நின்று ‘இனிக்குமா?’ என்பது முடிந்த தேர்வுக்குப் படிப்பதற்கு ஒப்பாகும். ஆயினும் கேட்கிறார்கள், கேட்டபடியே ஒரு பழம், நம்பாமல் இன்னொன்று, குழந்தைக்கு ஒன்று என்று கொத்தின் ஒரு பக்கத்தைத் தீர்த்துவிட்டுக் கால்கிலோ போடச் சொல்கிறார்கள்.

வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்தபின், சுற்றுலாக் குடும்பங்கள் பழத்தைத் தம் கையாலேயே பறிக்கும் தோட்டங்களைத் தேடத் தொடங்குகின்றன. ஸ்ட்ராபெர்ரிக்கு மூணாறையும் மறையூரையும் தாண்டிக் காந்தலூர் வரை போகவேண்டும் என்று தெரிந்ததும், அருகிலுள்ள ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். ஏலம் தண்டின் அடியில், தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. கோடையில் அங்கே பூவே மிகுதி, காய் பறிப்பு ஆடி ஆவணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். இந்த மலையின் மிக விலையுயர்ந்த கனி எந்தப் பழக்கடையிலும் வைக்கப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. அது ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்து, போடியிலுள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலக் கூடத்துக்குச் செல்கிறது. அங்கே வியாபாரிகள் மாதிரிக் காய்களை விரலால் பிரித்து நிறமும் பருமனும் பார்த்து, கணினியில் விலையைத் தட்டுகிறார்கள். அங்கும் வேலை செய்வது விரலே. மூதாட்டி இல்லாததால் வினாவுக்கு அவசியம் ஏற்படவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் பதிவுசெய்ய வேண்டும். காயாகவே உண்ணப்படும் கல்லாமையைக் கீற்றுகளாக அரிந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கும் தள்ளுவண்டியில் ‘இனிக்குமா?’ என்று எவரும் கேட்பதில்லை. அங்கே வினா எழுப்பும் உரிமை விற்பவருக்கே உரியது: ‘காரம் தூக்கலாப் போடவா?’