கார்புரேட்டர் மீது சுமத்தப்படும் பழி குறித்து

பெட்ரோல் என்ஜின் சீராக ஓடாமல், இருமியும் குலுங்கியும், இடையிடையே சில வெடிப்புகளைத் தவறவிட்டும் ஓடும் நிலையை மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பர். கார்புரேட்டர் பொருத்திய பழைய கார்களில் இந்நோய் தோன்றும்போது அதன் காரணம் ஆராயப்படுவதற்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிடுகிறது என்பதும், அவ்வாறு அறிவிக்கப்படும் காரணம் நோயாளியைவிட வைத்தியரைப் பற்றியே அதிகம் தெரிவிக்கிறது என்பதும் இத்துறையில் சிறிதேனும் அடிபட்டவர் எவரும் மறுக்காத உண்மைகளாகும்.

இவ்வுண்மையை ஆராய விரும்புவோருக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டியுள்ள தோணிரேவு போன்ற மீனவக் கிராமங்களைவிட ஏற்ற களம் கிடைப்பது அரிது. நகரத்துத் தெருவில் ஓர் அம்பாசடர் நின்றுபோனால் பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடிப்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். ஏரியோரத்திலோ ஃபைபர் படகின் டீசல் என்ஜினை நடுநீரில் பிரித்துப் பூட்டிப் பழகியவர்கள் பலர் இருப்பதால், பானெட் திறந்த சில நிமிடங்களில் காரைச் சுற்றி ஒரு மருத்துவக் குழு அமைந்துவிடும். அக்குழுவின் அறிவு உண்மையானது, அனுபவத்தில் விளைந்தது, பெரும்பாலும் வேறொரு வகை என்ஜினைச் சார்ந்தது.

டீசல் என்ஜினில் கார்புரேட்டரும் இல்லை, தீப்பொறி பிளக்கும் இல்லை. அதன் பம்பு எண்ணெயை மிக உயர்ந்த அழுத்தத்தில் தள்ள வேண்டியிருப்பதால், குழாயில் சிறிது காற்று புகுந்தாலும் பம்பு அந்தக் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கும், எண்ணெய் நகராது. ஏர் லாக் எனப்படும் இந்நிலைக்கு மருந்து, ஒரு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவது. ஆகவே, “ஏர் லாக்குதாண்ணா, ஒரு பதினாலு ஸ்பேனர் இருந்தா குடு” என்று படகுக்காரர் கேட்பது அவரளவில் முழுக்க நியாயமே. ஆனால் பெட்ரோல் அம்பாசடரில் அவர் தேடும் அந்தத் திருகு கிடையாது. அதற்கு நிகராகக் காருக்கு வருவது வேறொன்று: வெயிலில் சூடேறிய என்ஜினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் பெட்ரோலே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது என்னும் பழைய டாக்ஸி ஓட்டுநர் வைத்தியம் இதற்குத்தான் ஏற்பட்டது. அது பலிக்கவும் செய்கிறது. எனினும் துணி நனைத்து, சுற்றி, டீ குடித்து முடிப்பதற்குள் என்ஜின் தானாகவே ஆறிவிடுகிறது என்பதால், பலித்தது துணியா டீயா என்பதை உறுதி செய்வது கடினம்.

குழுவின் இரண்டாம் பிரிவினர் கார்புரேட்டர் கட்சியினர். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கருவி. குழாயின் இடுங்கிய பகுதியில் ஓட்டத்தின் வேகம் கூடி அழுத்தம் குறையும் என்பதை இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி 1797இல் விளக்கினார். அவ்வாறு குறைந்த அழுத்தம், ஜெட் எனப்படும் மயிரிழைத் துளை வழியே பெட்ரோலைக் காற்றுக்குள் உறிஞ்சுகிறது. அத்துளையில் ஒரு துரும்பு சிக்கினால் போதும், என்ஜின் திணறும். இக்கட்சியினரின் கொள்கை, ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதுவது. ஊதிய பின் முகத்தைச் சுளித்துத் துப்புவது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

கார்புரேட்டர் கட்சிக்கு அண்மையில் புதிய ஆதாரம் ஒன்றும் கிடைத்துள்ளது. 2025இல் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் எரிய, அதே எடைப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும்; பழைய ஜெட்டின் துளையோ அந்தக் கணக்கை அறியாது, முன்பு போலவே அளந்து விடுகிறது; விளைவாகக் கலவையில் காற்று மிகுந்துவிடுகிறது. மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மாதக்கணக்கில் நிற்கும் காரின் டாங்கில் ஈரம் அளவு மீறினால், நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். ஏரியோரத்தில் நிற்கும் காருக்குள் தண்ணீர் நுழைய ஏரி பொங்க வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், திணறும் பழைய கார்களில் கணிசமானவற்றின் குற்றவாளி கார்புரேட்டர் அல்ல, மின்சாரமே என்பது இக்கட்டுரையின் துணிபு. பாயிண்ட் எனப்படும் சிறு தொடுமுனை திறக்கும் ஒவ்வொரு முறையும், காயில் என்னும் கம்பிச்சுருள் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதை டிஸ்ட்ரிபியூட்டர் உரிய சிலிண்டருக்குப் பிரித்தளிக்கிறது. பழவேற்காட்டில் பாடு என்றொரு வழக்கம் உண்டு. ஏரியில் மீன்படும் நல்ல இடங்களில் வலையிடும் உரிமையைச் சீட்டுப் போட்டுத் தலைக்கட்டுகளுக்கு முறைவைத்து வழங்குவது அது. டிஸ்ட்ரிபியூட்டர் செய்வதும் பாடு வைப்பதே. அம்பாசடரில் அந்த முறை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. வேறுபாடு வேகத்தில்தான்: என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. ஒருவர் முறை தவறினால் வழக்குப் பேசவும் நேரம் இல்லை.

இத்தகைய ஏற்பாட்டுக்கு உப்புக்காற்று ஆகாது. பேட்டரி முனையில் பச்சை பூக்கும். எர்த் ஒயரின் பிடி துருவேறித் தளரும். ஐப்பசி கார்த்திகை மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்து, மின்சாரம் பிளக்குக்குப் போவதைவிடக் குறுக்குவழியில் போவதை விரும்பத் தொடங்கும். பாயிண்டின் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளவுத் தகடு இல்லாதவிடத்து விசிட்டிங் கார்டைச் செருகி அளப்பது வழக்கமாதலால், என்ஜினின் குணம் அந்தக் கார்டு எத்தகைய செல்வந்தருடையது என்பதைப் பொறுத்தும் அமைகிறது. எல்லாவற்றிலும் வஞ்சகமானது கண்டென்சர். பாயிண்ட் திறக்கையில் அங்கே பொறி தாவாமல் காக்கும் இச்சிறு உருளை, பழுதாகத் தொடங்கினால் குளிர்ந்திருக்கையில் ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் கைவிட்டு, ஆறியதும் மீண்டும் நல்லவனாகிவிடும். ஈரத்துணிக்காரரின் புகழில் பாதி இதனால் வந்தது.

பெட்ரோல் கோளாறு, மின்கோளாறு ஆகிய இரண்டையும் பிரித்தறிவது உண்மையில் எளிது. எளிதாக இருப்பதே அதைப் பலர் செய்யாமைக்குக் காரணமாகலாம். பெட்ரோல் குறைந்த என்ஜின் சிறிது சிறிதாக இழுவை இழந்து, தயங்கி அடங்கும். மின்சாரம் தவறிய என்ஜின் சுவிட்ச் அணைத்தது போலச் சட்டென்று வெட்டும். ஓடும் என்ஜினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாற்றமே தெரியவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே விடுப்பில் இருக்கிறது. (ஒயரை வெறுங்கையால் பிடிப்பவர் இதைவிட விரைவான விடையைப் பெறுவார்.) கழற்றிய பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது பொறி பலவீனம், வெளுத்திருந்தால் காற்று மிகுதி. இருட்டிய பின் பானெட்டைத் திறந்து வைத்தால், கசியும் ஒயர்களில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். தெருவிளக்கு குறைந்த ஊர்கள் இவ்வகையில் நகரங்களைவிட வசதியானவை.

இச்சோதனைகள் நடந்து, கண்டென்சர் மாற்றப்பட்டு, கார் சீராக ஓடத் தொடங்கும்போது, துணி சுற்றியவர், ஜெட் ஊதியவர், ஸ்பேனர் கேட்டவர் ஆகிய மூவரும் வெற்றி தம்முடையதே என நம்பிக் கலைவர். ஆனால் ஜெட்டைக் காணும் ஆவலில் கார்புரேட்டரை அடியோடு கழற்றியபோது, அதற்கும் என்ஜினுக்கும் இடையிலிருந்த பழைய பேக்கிங் ஓரத்தில் கிழிந்திருக்கும். அக்கிழிசல் வழியே கணக்கில் வராத காற்று நுழைவதால், ஓரிரு நாளில் ஸ்லோ ஸ்பீடில் மீண்டும் மிஸ்ஸிங் தொடங்கும். அந்த இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஓட்டம் சற்றே சீராகி, கசிவு அங்கேதான் என்பது உறுதியாகும். அப்போது ஜெட் ஊதியவர் வந்து, “நான் அப்பவே சொல்லலியாண்ணா, கார்பரேட்டர்தான்னு” என்பார். இம்முறை அவர் சொல்வது சரி.